கம்பைலரா, கைவரியா? தராசு தூங்கப் பழகிய வெள்ளிக்கிழமை

சென்ற வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, மொத்தச் சந்தையின் பரிசோதகர் அம்மையார் கண்ணெதிரே, எங்கள் கம்பெனியின் புதிய எடை மெஷின் நின்றுபோனது. வெங்காய மூட்டை ஏறியபோது நிற்கவில்லை. மூட்டை இறங்கி, தட்டு காலியாகி, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் போனதே, அந்த நொடியில் நின்றது. நடந்தது இவ்வளவுதான். இனி முறைப்படி தொடங்குகிறேன்.

எனக்குப் பதினைந்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முகத்துக்கு நேரே வைத்திருக்கும் எடைக்கருவி வணிகர் சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! இரும்புக் கல்லில் தொடங்கி எலக்ட்ரானிக் திரை வரை எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்த, முதுகு வலியிலும் முன்னோடிகளான பெரியோர்களே! கடையில் கணக்கையும் வீட்டில் எங்களையும் ஒரே கையால் கட்டி மேய்க்கும் தாய்மார்களே! முன்வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'இந்த மனுஷனுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது' என்று புன்னகை பூத்திருக்கும் மென்பொருள் செல்வங்களே! மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்த புத்திசாலிகளே! பிடிக்காமல் வியர்க்கும் நல்லவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, 'தொழில்நுட்பமும் தொழில் வளர்ச்சியும்.' நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'கர்னலுக்குள்ளே கம்பைலரின் சொல்லா, கையால் எழுதிய வரியா?'

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். தராசுக் கடைக்காரனுக்குக் கர்னல் எதற்கு என்று கேட்கிறீர்கள். என் காதில் விழுகிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கையால் மைக் பிடித்தவன் நான். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். பழுது வந்து தெரிந்துகொண்டது அதிகம். வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டதோ, விழுந்து விழுந்து சிரிக்கிற அளவுக்கு!

கர்னல் என்றால் என்ன? மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளர். எடையைப் படிப்பது ஒரு வேலை, திரையில் காட்டுவது ஒரு வேலை, பில் அடிப்பது ஒரு வேலை, பொத்தான் அழுத்தினால் பதில் சொல்வது ஒரு வேலை. யார் முதலில், யார் பிறகு என்று முறை வைப்பவர் இந்த மேற்பார்வையாளர். இவரை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் யார்? வெளிநாட்டு நிபுணரா? இல்லை. விலைக்கு வாங்கிய கம்பெனியா? இல்லை. என் கூடப்பிறந்த தங்கை! அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவரேதான். கைதட்டுங்கள், கையை எடுக்கட்டும்!

அவருக்கு அருகில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவர் அவர் கணவர், என் மாப்பிள்ளை. அவரும் எங்கள் பட்டறையில் மென்பொருள் எழுதுபவர்தான். கம்பைலர் மீது அவருக்கு உள்ள நம்பிக்கை என் மீது இருந்திருந்தால் நான் எப்போதோ ஏழு கிளை திறந்திருப்பேன்.

கம்பைலர் யார்? நாம் எழுதுவதைச் சிப்பின் பாஷைக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளர். சில இடங்களில் என் தங்கைக்கு அந்த மொழிபெயர்ப்பில் திருப்தி கிடையாது. 'நீ தள்ளு, இந்த ஒரு வரியை நானே சிப்பிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்' என்று அதன் சொந்தப் பாஷையிலேயே நடுவில் எழுதிவிடுவார். இதற்கு இன்லைன் அசெம்பிளி என்று பெயர். எங்கள் பட்டறையில் கைவரி என்போம். மாப்பிள்ளை கட்சி வேறு. கம்பைலரின் அகராதியிலேயே ஆயத்தமாகச் சில சொற்கள் இருக்கின்றன. 'எண்ணு' என்றால் எண்ணும், 'புரட்டு' என்றால் புரட்டும். எந்தச் சிப்பாக இருந்தாலும் அதற்கேற்றபடி அதுவே மாற்றிக்கொள்ளும். இவற்றுக்கு பில்ட்-இன் என்று பெயர்.

கைவரியா, பில்ட்-இன்னா? எங்கள் பட்டறையில் சண்டை போட இது ஒன்று போதாதா?

போதும்! ஏனென்றால் எங்கள் பழைய சிப்பை இனிமேல் தயாரிப்பதில்லை என்று சப்ளையர் கடிதம் போட்டுவிட்டார். புதுச் சிப், புதுப் பாஷை. கர்னலில் நாற்பத்தோரு இடங்களில் கைவரி. அதே வாரம் மொத்தச் சந்தையிலிருந்து இன்னொரு கடிதம். அறுநூறு மெஷின் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பரிசோதனையில் ஒரு முறை நின்றாலும் உங்கள் கர்னலை எடுத்துவிட்டு, நாங்கள் காட்டும் ஆயத்த மென்பொருளைத்தான் போட வேண்டும்.

நான் வியாபாரி, வெளிப்படையாகச் சொல்கிறேன். எந்த மென்பொருள் இருந்தாலும் எனக்கு மெஷின் விற்றுவிடும். என் தங்கைக்கு? ஒன்பது வருட உழைப்பு ஒரே வரியில் குப்பைக்குப் போய்விடும். கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "மெஷின் மேல உங்க பேரு இருக்கட்டும் அண்ணா. உள்ள இருக்கறது மட்டும் என்னுதா இருக்கட்டும்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு எப்படி இருந்திருக்கும்? தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்!

புதன்கிழமை பட்டறையில் மாப்பிள்ளை ஆரம்பித்தார். "நாப்பத்தோரு இடத்தையும் பில்ட்-இன்னா மாத்திடலாம். ஒரே மத்தியானம் போதும்."

"ஒம்பது வருஷமா ஒரு தடவைகூடத் தப்பு சொல்லலைங்க என் கைவரி."

"தப்பு சொல்லலைம்மா. அது பேசற பாஷை புதுச் சிப்புக்குப் புரியலை. நாளைக்கு இன்னொரு சிப் வந்தா? மறுபடி நாப்பத்தோரு இடத்துல உக்காந்து எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அதுக்குள்ள பேரன் பேத்தி வந்துரும்."

"வரட்டும். அதுங்களுக்கும் ஆளுக்குப் பத்து வரி குடுத்துடறேன்."

"ஏம்மா, கம்பைலர் எழுதினவங்க என்ன முட்டாளுங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே. அவங்க என் தராசைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கூடப்பிறந்த உறவு. மறுபக்கம் கொண்டாடி எடுத்த சம்பந்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் வராதபோதே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். அவர் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது!

திரும்பி வந்தபோது தீர்ப்பாகியிருந்தது. "மாத்திக்கோங்க. ஆனா நான் ஒரு வரி படிச்சுப் பார்க்க மாட்டேன்" என்றார் தங்கை. "படிக்காட்டி போ, கம்பைலர் படிக்கும்" என்றார் மாப்பிள்ளை. அன்பர்களே, அந்த நிமிடத்தில்தான் வெள்ளிக்கிழமையின் விதை விழுந்தது. மாற்றியவர் கேட்கவில்லை, தெரிந்தவர் பார்க்கவில்லை!

மாப்பிள்ளை மாற்றினார். பட்டறை மேசையில் ஓடியது. பகல் முழுக்க ஓடியது. பாட்டுப் பாடாத குறையாக ஓடியது! மூவருமாகச் சந்தைக்கு எடுத்துப் போனோம். பரிசோதகர் அம்மையார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூட்டையை வைக்கச் சொன்னார். நாற்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம். பில் வந்தது. மூட்டையை இறக்கச் சொன்னார். பூஜ்யம் வந்தது. குறிப்பேட்டில் நிதானமாக எழுதினார். மறுபடி மூட்டையை வைத்தார். பூஜ்யம். இன்னொரு மூட்டையையும் மேலே வைத்தார். பூஜ்யம்! அப்போது அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"என்னங்க, உங்க மெஷின் என் மூட்டையைக் கண்டுக்கவே மாட்டேங்குது?"

"புது இடம்மா. கூச்சப்படுது."

"கூச்சம் தெளிய எவ்வளவு நேரமாகும்?"

"மூணு மணி வரைக்கும் குடுங்கம்மா."

"மூணு மணின்னா மூணு மணிதான். மூணு அஞ்சுக்கு ஆயத்த மென்பொருள்." அத்துடன், "இதை எழுதினது யாரு?" என்றும் கேட்டார். மனைவி கணவரைக் காட்டினார். கணவர் மனைவியைக் காட்டினார். ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில்!

சாக்குக் கட்டுகள் அடுக்கிய அறை ஒன்றைக் கொடுத்தார்கள். மரப்பெட்டியின் மேல் மடிக்கணினி. மெஷினில் வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டோம், ஓடியது. வயரைப் பிடுங்கினோம், நின்றது. செருகினால் உயிர், பிடுங்கினால் பிணம். மூன்று முறை பார்த்துவிட்டு மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார்.

"வயரோடவே வித்துரலாமா மச்சான்?"

"அறுநூறு மெஷினுக்கு அறுநூறு மடிக்கணினி. நீங்க வாங்கித் தர்றீங்களா மாப்பிள்ளை?"

மூலையில் கைகட்டி நின்ற தங்கை பெருமூச்சு விட்டார். "எங்க, காட்டுங்க." அந்த இரண்டு சொல் வர இரண்டு நாள் ஆகியிருக்கிறது, பெரியோர்களே!

இப்போது உங்களுக்கு ஒரே ஒரு படம் போட்டுக் காட்டிவிடுகிறேன். கர்னலுக்குள் முப்பத்திரண்டு விளக்குகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு ஒரு விளக்கு. வேலை வந்தால் விளக்கு எரியும். இடமிருந்து முதலில் எரிகிற விளக்குக்கே முதல் மரியாதை. அதற்கு முன்னால் எத்தனை விளக்கு அணைந்திருக்கிறது என்று எண்ணிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும். முப்பத்திரண்டும் அணைந்திருந்தால்? யாருக்கும் வேலை இல்லை, சிப் தூங்கலாம். தங்கையின் கைவரி எல்லாம் அணைந்திருந்தால் 'முப்பத்திரண்டு' என்று சொல்லும்; 'முப்பத்திரண்டு வந்தால் தூங்கு' என்று அடுத்த வரியில் எழுதியிருந்தார். மாப்பிள்ளை கைவரியை எடுத்துவிட்டு, 'எண்ணு' என்ற பில்ட்-இன்னைப் போட்டார். அடுத்த வரியை அப்படியே விட்டார். என்ன தவறு? கண்ணுக்கு ஒன்றுமே தவறில்லை!

கம்பைலர் கடைசியாகச் சிப்புக்கு எழுதிக் கொடுத்ததைத் தங்கை வரிவரியாகப் பார்த்தார்.

"தூங்குங்கற இடம் எங்கங்க?"

"இதோ எழுதியிருக்கேனே."

"நீங்க எழுதியிருக்கீங்க. கம்பைலர் எழுதலை. பாருங்க."

இல்லை! அந்த வரியே இல்லை! "அடப்பாவி, முழுங்கிடுச்சே!" என்றார் மாப்பிள்ளை. கையேட்டைத் திறந்தார். வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. அந்த பில்ட்-இன்னுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: பூஜ்யத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னால் விடைக்கு உத்தரவாதம் கிடையாது.

கம்பைலர் என்ன நினைத்தது? 'பூஜ்யத்தை என்னிடம் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே கேட்க மாட்டார்கள். ஆகவே விடை முப்பத்தொன்றைத் தாண்டாது. ஆகவே முப்பத்திரண்டா என்று பார்ப்பது வீண்வேலை' என்று, நமக்கு உதவி செய்வதாக நினைத்து அந்த வரியை அழித்துவிட்டது! பட்டறையில் ஏன் தெரியவில்லை? மடிக்கணினியோடு வயரில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க ஒரு வேலை உண்டு. அந்த விளக்கு அணையவே இல்லை. சந்தையில் வயர் இல்லை, மூட்டை இறங்கியதும் எல்லா விளக்கும் அணைந்தது, மேற்பார்வையாளர் இல்லாத வேலைக்காரனைத் தேடிப் போய்த் தொலைந்தே போனார். வேலை கொடுத்தால் படுத்துக்கொள்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை இல்லை என்று செத்துப்போன ஆளை அன்றுதான் பார்த்தேன்!

"பார்த்தீங்களா? என் கைவரி இருந்திருந்தா?" தங்கை துள்ளிக் குதித்து உட்கார்ந்தார். புதுச் சிப்பின் பாஷையில் எண்ணும் கட்டளையை எழுதினார். எழுதிய வேகத்திலேயே பிழைச் செய்தி வந்தது. நாங்கள் வாங்கிய விலைகுறைந்த சிப்பில் அந்தக் கட்டளையே கிடையாது! விலை குறைவாக வாங்கியது யார் என்று கேட்காதீர்கள். இருவரும் கேட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அந்தக் கட்டளை இல்லாட்டியும் சுத்திவளைச்சு எப்படி எண்ணறதுன்னு கம்பைலருக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் சொன்னேன்."

மணி ஒன்றரை. நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "காலித் தட்டை எதுக்கு எண்ணச் சொல்றீங்க? காலியான்னு முதல்ல பாத்துட்டு, இல்லைன்னா மட்டும் எண்ணச் சொன்னா ஆகாதா?"

இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அது எங்களுக்குத் தெரியும்!"

தெரியுமாம்! தெரிந்தவர்கள் ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை. குடும்பம் முக்கியம்.

'காலியா?' என்ற கேள்வியை எண்ணும் வரிக்கு மேலே தூக்கி வைத்தார் மாப்பிள்ளை. வயரைப் பிடுங்கினோம். மெஷின் சாகவில்லை! மூட்டையை வைத்தோம். எழவும் இல்லை! என்ன சங்கடம் பாருங்கள். சிப்பைத் தூங்கவைக்க எங்கள் கம்பைலர் அகராதியில் சொல் இல்லை என்பதால், அந்த இடத்தில் 'விளக்கு எரியும்வரை சும்மா சுற்று' என்று எழுதியிருந்தார். கம்பைலர் விளக்குகளை ஒரே ஒரு முறை பார்த்தது, எல்லாம் அணைந்திருந்தது. 'இந்தச் சுற்றுக்குள் விளக்கை யாரும் தொடவில்லையே, மறுபடி எதற்குப் பார்ப்பது?' என்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே மூட்டை ஏறுகிறது, விளக்கு எரிகிறது, பார்ப்பார் இல்லை!

தங்கை சிரிக்க ஆரம்பித்தார். சாக்குக்கட்டில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏங்க, வெளிய உலகம் மாறும்னு அதுகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லலை."

"எனக்கும் சொல்ல மாட்டீங்க, அதுக்கும் சொல்ல மாட்டீங்க!"

அப்புறம் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஒரே ஒரு கைவரி. சிப்பைத் தூங்கச் சொல்லும் கட்டளை. அதன் கடைசியில் ஒரே ஒரு சொல், 'மெமரி.' அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? 'கம்பைலரே, நான் தூங்கி எழுந்த நேரத்தில் நினைவகத்தில் எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். நீர் கையில் வைத்திருக்கும் பழைய பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி போய்ப் பாரும்!' மாப்பிள்ளை அவர் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். அவர் எழுதியிருந்த நாற்பது இடங்களையும் தங்கை ஒன்றுவிடாமல் படித்தார். 'ஆயத்தச் சொல் போதும்' என்று அடம்பிடித்தவரும், 'கைதான் வேண்டும்' என்று கொடிபிடித்தவரும் ஒரே மரப்பெட்டியின் மேல் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து படித்தார்கள். தலைவரே, அந்தக் காட்சிக்கு நீங்கள் டிக்கெட் போட்டிருக்கலாம்!

மணி மூன்று. பரிசோதகர் அம்மையார் வந்தார். கெட்டிக்காரி! "இந்தத் தடவை மூட்டை வேண்டாம். சும்மா விடுங்க, பார்க்கலாம்" என்றார்.

சும்மா விட்டோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரையின் வெளிச்சம் மங்கியது. மாப்பிள்ளை மெல்லக் குனிந்தார்.

"செத்துப்போச்சா?"

"தூங்குது. சத்தம் போடாதீங்க."

ஐந்தாவது நிமிடம், அம்மையார் தாமே மூட்டையைத் தள்ளித் தட்டில் ஏற்றினார். ஏறியதும் திரை பளிச்சென்று விழித்தது. நாற்பத்தெட்டு கிலோ இருநூறு! இறக்கினார், தூங்கியது. ஏற்றினார், எழுந்தது. இருபது முறை ஏற்றினார். இருபது முறையும் எழுந்தது! அம்மையார் குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதை எட்டிப் பார்த்த என் தங்கை, சந்தை நடுவில், சாக்கு மூட்டைகள் சாட்சியாக, கணவர் முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். அவ்வளவு சந்தோஷம்! அந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறதா மாப்பிள்ளை? இருக்கிறதாம், தலையாட்டுகிறார்!

மென்பொருள் செல்வங்களே! கைவரி பெரிதா, கம்பைலர் பெரிதா என்று இனியும் கட்சி கட்டப் போகிறீர்களா? எண்ணத் தெரிந்தவரிடம் எண்ணக் கொடுங்கள். ஆனால் எதை எண்ண மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்! அகராதியில் இல்லாத சொல்லை உங்கள் கையால் எழுதுங்கள்; ஆனால் எதைத் தொட்டேன், எது மாறும் என்று மறைக்காமல் எழுதுங்கள்! கம்பைலர் நமக்கு எதிரியா? இல்லவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி நம்புகிற அப்பாவி. அந்த அப்பாவியிடம் பாதி சொல்லி மீதியை விழுங்கினால், அவர் நம் வரியை விழுங்குவார்! கடைக்கோடி நாற்காலி வரை கைதட்டல் கேட்கிறது. அது என் தங்கைக்குப் போகட்டும். அந்த அறுநூறு மெஷினிலும் மேற்பார்வையாளர் அவர் எழுதியவரே!

பதினைந்து நிமிடத்தை இருபத்தைந்தாக்கியும் இறக்கிவிடாத தலைவருக்கும், இருக்கையை விட்டு எழாத உங்களுக்கும், சாக்கு அறையைத் திறந்துவிட்ட சந்தைக்காரர்களுக்கும் என் நன்றி. எல்லோர் கடைத் தட்டும் நிறையட்டும், வணக்கம்.

என்ன தலைவரே? ஆமாம், ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னீர்கள், மறந்தேவிட்டேன். வீட்டில் முடிவானது இது: கம்பைலர் அகராதியில் உள்ளதெல்லாம் மாப்பிள்ளை பொறுப்பு, பூஜ்யமா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்; அகராதியில் இல்லாததெல்லாம் தங்கையின் கைவரி, எல்லாம் ஒரே கோப்பில், எதைத் தொடுகிறது என்ற குறிப்போடு. சந்தையோடு முடிவானது இது: அறுநூறு மெஷின், மூன்று தவணையாக, எங்கள் கர்னலோடு, மூன்று வருடப் பழுதுபார்ப்பு எங்கள் செலவில். கர்னலில் ஒரு வரி மாறினாலும் எழுதியவர் ஒரு கையெழுத்து, படித்துப் பார்த்தவர் ஒரு கையெழுத்து. அந்த இருவரும் கணவன் மனைவியாக இருப்பதில் ஆட்சேபணை இல்லை, அன்றைக்கு இருவரும் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை என்று பரிசோதகர் அம்மையார் தம் கைப்பட எழுதிச் சேர்த்திருக்கிறார்.